விழா முடிந்தது, விற்பனை நின்றது: மீதி 230 பிரதிகளுக்கு வழி என்ன?

ஒரு நூலாசிரியர் கேட்ட கேள்வி இது: செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்ட ஏரிகளைப் பற்றி ஒரு கட்டுரை நூல். 176 பக்கம், விலை 220 ரூபாய். சிறு பதிப்பகம் 300 பிரதி அச்சிட்டது. அக்டோபரில் வெளியீட்டு விழா வைத்ததில் 70 போயிற்று. அதன் பிறகு எழுதியவர் தினமும் மூன்று முறை முகநூலில் பதிவு போட்டும் மாதம் ஐந்தாறு பிரதிகூட நகரவில்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருகிறது. இனி என்ன செய்யலாம்?

முதலில் அந்த 70 பிரதியைப் பார்ப்போம். அவை உங்களுக்காக வாங்கப்பட்டவை. சித்தப்பா ஒன்று, கல்லூரித் தோழர் ஒன்று, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஒன்று. ஏரியைப் பற்றிப் படிக்க வேண்டும் என்றே வந்தவர்கள் பத்துப் பேர் இருந்திருந்தால் அதிகம். உங்கள் முகநூல் பக்கத்தைப் பார்ப்பவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான். ஏற்கெனவே வாங்கியவரிடமே ‘நூல் கிடைக்கும்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். மீதிப் பிரதிகள் உங்களைத் தெரியாத, ஆனால் ஏரி வேண்டியிருக்கிற ஆள்களிடம் போக வேண்டும்.

அவர்களைத் தேடிப் போவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வேறு யாருடைய கைபேசியையாவது வாங்கி, நூலின் பெயரைத் தமிழிலும் பிறகு ஆங்கில எழுத்திலும் தட்டித் தேடுங்கள். மூன்று நிமிடத்துக்குள் பணம் கட்டும் இடம்வரை போக முடிகிறதா? சிறு பதிப்பக நூல்களில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே விழுந்துவிடுகின்றன. நாளிதழில் உங்கள் நூலைப் பற்றி நாலு வரி வந்தால் படித்தவருக்கு அந்த ஆசை இரண்டு நாள் இருக்கும். அதற்குள் கையில் கிடைக்கவில்லை என்றால் மறந்துவிடுவார். ‘இருப்பில் இல்லை’ என்று காட்டும் விற்பனைப் பக்கத்துக்கு ஆள் அனுப்புவதைவிட அந்தச் செய்தி வராமலே இருந்திருக்கலாம். ஒருமுறை ஏமாந்தவர் மறுபடி தேட மாட்டார்.

ஆகவே பதிப்பாளரிடம் உட்கார்ந்து சில விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: கிடங்கில் சரியாக எத்தனை பிரதி இருக்கிறது, எந்தெந்தக் கடைகளில் எத்தனை, இணையத்தில் நூலை ஏற்றியது யார், தீர்ந்தால் மறு அச்சுக்கு எத்தனை நாள். விற்பனைப் பக்கத்தில் நூல் பெயர், உங்கள் பெயர் இரண்டும் இரு எழுத்திலும் இருக்க வேண்டும். தமிழ் வாசகர்களில் பலர் தேடுவது ஆங்கில எழுத்தில்தான், அதிலும் ‘ஏரி’யையே இரண்டு விதமாகத் தட்டுவார்கள். இரண்டும் விவரக் குறிப்பில் இருக்கட்டும். மதுராந்தகம், உத்திரமேரூர், செம்பரம்பாக்கம், வேடந்தாங்கல் என்று நூலில் வரும் ஊர்ப் பெயர்களையும் அங்கே சேருங்கள். ஊர்ப் பெயரைத் தேடி வருபவர்தான் உங்கள் வாசகர். அட்டைப் படத்தைத் தபால் தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பு படிக்க முடியவில்லை என்றால் மறு அச்சில் மாற்றியாக வேண்டும். ஐஎஸ்பிஎன் (நூலின் பன்னாட்டு அடையாள எண்) இல்லாவிட்டால் வாங்கச் சொல்லுங்கள். ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இணையம் வழியே இலவசமாகத் தருகிறது; காசு கேட்பவர் இடைத்தரகர்.

அடுத்தது நேரடி விற்பனை. ஒரு வாட்ஸ்ஆப் எண், ஒரு யுபிஐ, தபால் செலவு சேர்த்து ஒரே விலை. ‘220 + அஞ்சல் கட்டணம்’ என்று எழுதினால் ‘எவ்வளவு?’ என்று ஒரு கேள்வி வரும், நீங்கள் பதில் போடுவதற்குள் அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். டெமி அளவில், 70 ஜிஎஸ்எம் தாளில் 176 பக்க நூல் அட்டையோடு சுமார் 205 கிராம் வரும், உறையோடு 230. அஞ்சல் துறை 2025 மே 1 முதல் நூல்களுக்கென்று நடத்தும் ஞான் போஸ்ட் சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. ஆக ஒற்றைப் பிரதி அந்த அடுக்குக்குள் அடங்கும். நூலில் அச்சகம் அல்லது பதிப்பகத்தின் பெயர் இருக்க வேண்டும். வணிக விளம்பரத் தாள்களை உள்ளே செருகக் கூடாது. தரைவழியே போவதால் நாள் கூடப் பிடிக்கும் என்பதை வாங்குபவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், ‘இன்னும் வரவில்லையே’ என்ற தொலைபேசி குறையும்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு பிரதியின் அச்சுச் செலவு 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 40 சதவீதக் கழிவில் கொடுத்தால் கைக்கு வருவது 132, மிச்சம் 42. நேரடியாக 10 சதவீதத் தள்ளுபடியில் 198-க்கு விற்று, அஞ்சலும் உறையும் 35 போனால் மிச்சம் 73. இப்போது முகநூலில் 1,000 ரூபாய்க்கு விளம்பரம் ஓட்டினால், அந்தக் காசு திரும்ப வரவே நேரடியாக 14 பிரதி அல்லது கடை வழியே 24 பிரதி அதனால் மட்டுமே விற்க வேண்டும். ஒற்றை நூலுக்கு அது அநேகமாக நடக்காது. காசைச் செலவழிக்கிற இடம் அது இல்லை. அதே 1,000 ரூபாயில் பதினொரு பிரதியைச் சரியான ஆள்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிடலாம்.

சரியான ஆள் யார்? ‘தமிழ் ஆர்வலர்கள் அனைவரும்’ என்று பதிப்பாளர் சொல்வார், அதை விடுங்கள். இந்த நூலுக்கு ஐந்து கூட்டங்கள் தெரிகின்றன. ஏரிப் பாசன விவசாயிகள் சங்கங்கள். நீர்வளத் துறையில் இருக்கும், குறிப்பாக ஓய்வுபெற்ற, பொறியாளர்கள். கல்வெட்டு ஆர்வலர்களும் மரபு நடைக் குழுக்களும். உத்திரமேரூர்ப் பராந்தக சோழன் கல்வெட்டில் ‘ஏரி வாரியம்’ (ஏரியைக் கவனிக்கும் ஊர்க் குழு) வருவதைக் காட்டினால் அவர்கள் மீதியைத் தாங்களே தேடிக்கொள்வார்கள். பறவை பார்ப்பவர்கள், வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022-இல் பன்னாட்டு ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை, இரண்டுமே ஏரிகள். ஐந்தாவது கூட்டம்தான் எல்லாவற்றிலும் பெரியது, ஆனால் உங்கள் பதிவுகளில் அது இல்லவே இல்லை: முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பக்கம் வீடு வாங்கிக் குடிவந்தவர்கள். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்கு ‘இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, எந்த வழியாகப் போக வேண்டியது’ என்பது இலக்கியக் கேள்வி இல்லை, வீட்டுக் கடன் கேள்வி. அடுக்ககங்களின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு வாட்ஸ்ஆப் குழு உண்டு, மாதக் கூட்டம் உண்டு, கூடத்தில் நாற்காலியும் உண்டு.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்லும் முறை வேறு. பின்னட்டையில் ‘அரிய தகவல்களின் பொக்கிஷம்’ என்று போட்டிருந்தால் அது யாரையும் தொடாது, எந்த நூலுக்கும் அதை ஒட்டலாம். அடுக்ககக் குழுவுக்குப் போகும் செய்தி இப்படி இருக்கட்டும்: “மழை விட்ட பிறகும் நம் தெருவில் ஏன் தண்ணீர் நிற்கிறது? இந்தப் பகுதியின் ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எப்படி வடிந்தன, எங்கே அடைபட்டன என்பதை வரைபடத்தோடு சொல்லும் நூல். 176 பக்கம், தபாலோடு 198 ரூபாய். வேண்டுபவர்கள் இந்த எண்ணுக்கு முகவரி அனுப்புங்கள்.” விவசாயிகள் சங்கத்துக்கு மதகு, கலங்கல் (மிகுதி நீர் வழியும் இடம்), குடிமராமத்து (ஊரார் கூடிச் செய்யும் பராமரிப்பு), நீர்க்கட்டி (தண்ணீர் பாய்ச்சுபவர்) என்ற சொற்களோடு வேறொன்று எழுதுங்கள். தலைப்பு, விலை, எண் மூன்றும் படத்துக்குள்ளேயே பொறித்திருக்க வேண்டும். மூன்றாவது ஆளுக்குப் போகும்போது கீழே எழுதியது கழன்று படம் மட்டும் போய்ச் சேரும்.

குழுவில் போடுவதற்கு முன் நிர்வாகியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு குழுவுக்கு ஒரு தடவை. மறுபடி போட வேண்டுமென்றால் புதிதாகச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். உங்களிடம் வாங்கியவர்களுக்கு மட்டும் வாட்ஸ்ஆப்பில் ஒரு ஒலிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) வைத்துக்கொள்ளலாம். ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேரும். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்தவருக்குத்தான் அந்தச் செய்தி போகும். இது தெரியாமல் இருநூறு பேருக்கு அனுப்பிவிட்டு ‘யாருமே பதில் போடவில்லை’ என்று வருத்தப்படுபவர்கள் அதிகம். பார்சலுக்குள் வைக்கும் துண்டுச்சீட்டில் ‘இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதினால் போதும்.

முகநூலை விட்டுவிட வேண்டாம், முறையை மாற்றுங்கள். தினம் மூன்று என்பதை வாரம் ஒன்றாக்குங்கள்: சனிக்கிழமை காலை, ஓர் ஏரி, நீங்கள் எடுத்த ஒரு படம், 150 சொல், கடைசி வரியில் மட்டும் நூலும் எண்ணும். மதுராந்தகத்தில் ‘ஏரி காத்த ராமர்’ என்று பெயர் வந்த கதையைக் கலெக்டர் லயோனல் பிளேஸோடு சேர்த்து எழுதினால் ஊர்க்காரர்கள் தாங்களே பகிர்வார்கள். பொன்னாடை போர்த்தும் படத்தை யாரும் பகிர மாட்டார்கள், அதில் இருப்பவர்களைத் தவிர.

பத்திரிகைக்கு வருவோம். தினமணியின் நூல் அரங்கம், இந்து தமிழ் திசையின் நூல்வெளி போன்ற பகுதிகளுக்கும் இலக்கிய மாத இதழ்களுக்கும் மதிப்புரைப் பிரதி அனுப்பத்தான் வேண்டும். மொத்தம் 25 பிரதியை இதற்கென்று எடுத்து வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பிரதியோடு ஒரே ஒரு தாள்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பக்கம், விலை, தொலைபேசி, நூலைப் பற்றி 100 சொல், ‘நேரமில்லை என்றால் இந்த இரண்டு பகுதியை மட்டும் பாருங்கள்’ என்று பக்க எண்கள். உதவி ஆசிரியரின் மேசையில் வாரத்துக்கு எத்தனையோ நூல்கள் வந்து விழுகின்றன. அறிமுகம் எழுதுபவரின் வேலையைப் பாதியாக்கும் நூல்தான் முன்னால் வரும். மூன்று வாரம் கழித்து ஒரு தடவை விசாரிக்கலாம். வாரா வாரம் விசாரித்தால் உங்கள் பெயர் நினைவிருக்கும், ஆனால் நல்லவிதமாக இராது.

மதிப்புரையைவிட வலுவானது நீங்களே எழுதும் கட்டுரை. வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள், செம்பரம்பாக்கம் நீர்மட்டம் செய்தியாகிக்கொண்டிருக்கும்போதே, 600 சொல்லில் ஒரு ஏரியின் ஒரு பிரச்சினையை எழுதி நடுப்பக்கத்துக்கு அனுப்புங்கள். முடிவில் ‘கட்டுரையாளர், இன்ன நூலின் ஆசிரியர்’ என்ற ஒரு வரி வரும். மதிப்புரையைப் புத்தகம் படிப்பவர்கள்தான் பார்ப்பார்கள்; மழைக் கட்டுரையைத் தெருவில் தண்ணீர் நிற்பவரும் படிப்பார். டிசம்பர் தவறினால் பிப்ரவரி 2 ஈரநில நாள், மார்ச் 22 தண்ணீர் நாள் இருக்கின்றன. மார்ச் 22 தமிழ்நாட்டில் கிராம சபை நாளும்கூட. விவசாயிகள் சங்கங்களுக்கு அதற்கு ஒரு வாரம் முன்னால் போய்ச் சேருங்கள். நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே கட்டுரை ஆசிரியர் குழுவின் கையில் இருக்க வேண்டும், அன்றைக்குக் காலையில் அனுப்பினால் அடுத்த ஆண்டுக்குத்தான்.

சென்னைப் புத்தகக் காட்சியில் சிறு பதிப்பாளர்கள் செய்யும் வழக்கமான தவறு, பத்து அரங்குகளுக்கு மூன்று மூன்று பிரதியாகப் பிரித்துக் கொடுப்பது. மூன்று பிரதி எங்கோ அடுக்கின் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும், யார் கண்ணிலும் படாது. அதற்குப் பதில் பொருத்தமான இரண்டு அரங்குகளில், சுற்றுச்சூழல் அல்லது வரலாற்று நூல்கள் விற்கும் இடங்களில், 25 பிரதி வீதம் அட்டை தெரியும்படி மேசையில் படுக்க வைக்கச் சொல்லிப் பேசுங்கள். ரசீது போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்: எத்தனை பிரதி, என்ன கழிவு, கணக்கு முடிக்கும் தேதி, மீதியைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு யாருக்கு. காட்சி முடிந்த இரவில் அவசரமாகக் கட்டிய மூட்டைகளில் காணாமல் போகும் பிரதிகளுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. அங்கே 10 சதவீதத் தள்ளுபடி வழக்கம் என்பதால் உங்கள் நூல் 198-க்குப் போகும்; நீங்கள் வாட்ஸ்ஆப்பில் அதற்கும் குறைத்து விற்றால் அரங்குக்காரர் அடுத்த முறை மேசையில் இடம் தர மாட்டார்.

அரங்கு எண் தெரிந்த அன்றே அந்த எண்ணை அட்டைப் படத்தின் மேல் பெரிதாகப் பொறித்துப் பரப்புங்கள். நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தின் நெடிய வரிசைகளில் எண் இல்லாமல் யாரும் தேட மாட்டார்கள். நீங்கள் அங்கே இருக்கும் நேரத்தையும் சொல்லுங்கள்: சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறை நாள்களில் மாலை 5 முதல் 7. ‘தினமும் வருவேன்’ என்பது யாருக்கும் பயன்படாது. அங்கே நின்று நூலை நீட்டுவதைவிட, ஒரு ஏரியின் பழைய, புதிய வரைபடங்களைப் பக்கத்துப் பக்கத்தில் பெரிதாக அச்சிட்டு வையுங்கள். தம் ஊரைத் தேடி விரல் வைப்பவரிடம் பேச்சைத் தொடங்குவது எளிது. மாநிலம் முழுக்க மாவட்டப் புத்தகத் திருவிழாக்கள் நடந்தாலும் இந்த நூலுக்குச் செங்கல்பட்டும் காஞ்சிபுரமும் போதும். கோவைக்கும் மதுரைக்கும் பிரதி அனுப்பினால் சுமைக்கூலிதான் மிஞ்சும்.

இரண்டாவது வெளியீட்டு விழா வேண்டாம். அறிமுகக் கூட்டம் வையுங்கள், சிறியதாக, ஐந்தாவது கூட்டத்தார், அதாவது முடிச்சூர், தாம்பரம் பக்கத்து அடுக்ககவாசிகள், இருக்கும் இடத்தில். பேச்சாளர் மூவர், ஆளுக்குப் பதினைந்து நிமிடம், அதில் ஒருவராவது நூலைக் குறை சொல்லக் கூடியவராக, உதாரணமாக ஓய்வுபெற்ற ஒரு பொறியாளராக, இருக்கட்டும். நன்றியுரை தொடங்கியதும் பாதிக் கூட்டம் எழுந்துவிடும் என்பதால் நூல் மேசையை மேடைக்குப் பக்கத்தில் போடாதீர்கள், வெளியேறும் வாசலில் போடுங்கள். விலையை அன்றைக்கு 200 ஆக்கினால் சில்லறைத் தொல்லை இல்லை. யுபிஐ கியூஆரை ஏ4 தாளில் இரண்டு பிரதி ஒட்டுங்கள், பணம் வாங்கவென்று ஒருவர் அங்கேயே உட்கார வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போடும் இடமும் அவருக்குப் பக்கத்தில்தான். பேச்சுகளைப் பதிவு செய்தால் இரண்டு மணி நேரத்தை அப்படியே யூடியூபில் ஏற்றாமல் ஒவ்வொருவருடையதையும் தனித்தனியாக வெட்டி, தலைப்பில் ஊர்ப் பெயர் வரும்படி போடுங்கள்.

காசு கேட்டு வரும் அழைப்புகளும் உங்களுக்கு வந்துகொண்டிருக்கும். ‘எங்கள் சேனலுக்கு ஐம்பதாயிரம் சந்தாதாரர், அறிமுகத்துக்கு இவ்வளவு’ என்று கேட்டால் அவர்கள் கடைசியாகப் போட்ட ஐந்து நூல் அறிமுகக் காணொளிகளின் கருத்துரைகளைப் படியுங்கள். ‘எங்கே கிடைக்கும்?’ என்று கேட்டவர் எத்தனை பேர்? யாரும் இல்லை என்றால் சந்தாதாரர் எண்ணிக்கைக்குப் பொருளில்லை. நுழைவுக் கட்டணம் கேட்டு, கேடயத்துக்கும் சான்றிதழுக்கும் தனியாகப் பணம் வாங்கும் ‘விருது’களுக்குக் காசு கொடுக்காதீர்கள். தமிழ் வளர்ச்சித் துறை சிறந்த நூல்களுக்குத் தரும் பரிசுக்கு விண்ணப்பியுங்கள், அறிவிப்பு வரும்போது கடைசித் தேதியை மட்டும் தவற விடாமல். இணையக் கடையில் மதிப்புரை போடச் சொல்லி மனைவியையும் மைத்துனரையும் கேட்காதீர்கள். அமேசான் விதிப்படி குடும்பத்தார், நண்பர்களின் மதிப்புரை செல்லாது, கண்டுபிடித்தால் நீக்குவார்கள். வாங்கி மூன்று வாரம் ஆன வாசகரிடம் ‘எந்த ஏரிக் கட்டுரை பிடித்தது?’ என்று மட்டும் கேளுங்கள். பதில் நன்றாக இருந்தால் அதையே அங்கே எழுத முடியுமா என்று கேட்கலாம்.

நூலகம்: பொது நூலகத் துறையின் கொள்முதலுக்குப் பதிப்பாளர் விண்ணப்பிக்கட்டும், ஆனால் அதை நம்பி அச்சு எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் பிரதி அனுப்ப வேண்டும். அனுப்பினாரா என்று கேளுங்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு நீங்களே ஒன்று கொடுங்கள். ஆராய்ச்சியாளர் ஒருவர் அடிக்குறிப்பில் எடுத்தாண்டால் அது பல ஆண்டுகளுக்கு ஆள் அனுப்பும்.

மின்னூலை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். கனடா, சிங்கப்பூர் வாசகருக்குப் புத்தக விலையைவிடத் தபால் செலவு கூட என்பதால் அவர்களுக்கு அது வேண்டும்தான். அமேசானின் மின்னூல் வெளியீட்டுத் தளமான கேடிபி தமிழை ஏற்கிறது. இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமானால் அதன் ‘செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும்; சேர்ந்தால் 90 நாள் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. அச்சு நூலுக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் ஒப்பந்தத்தில் மின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் ‘நூலைப் பற்றி எங்கே பார்த்தீர்கள்?’ என்று கேட்டுத் தேதியோடு குறியுங்கள். முப்பது பேரைக் குறித்ததும் பதில் தெரிந்துவிடும். அடுக்ககக் குழுவிலிருந்து பதினெட்டும் முகநூலிலிருந்து இரண்டும் வந்திருந்தால் சனிக்கிழமைப் பதிவைக்கூட நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் இன்னொரு சங்கத்துக்குப் போகலாம். வாசகர் சுட்டும் பிழைகளையும் அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். ஊர்க்காரர்கள் கலங்கலின் திசையைக்கூடத் திருத்துவார்கள். இருப்பு 40-க்கு வந்ததும் மறு அச்சு பேசுங்கள், 500 வேண்டாம், தேவைக்கேற்ற அச்சில் 100 போதும். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினால் பழைய ஐஎஸ்பிஎன் அப்படியே செல்லும். புதிய கட்டுரைகளோ வரைபடங்களோ சேர்த்துத் திருத்திய பதிப்பாக்கினால் புது எண் வாங்க வேண்டும், விற்பனைப் பக்கங்களிலும் அதை மாற்ற வேண்டும்.